நாச்சார் வீட்டைக் கழட்ட முதல் மரத்துக்கு ஒரு நம்பர் போடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை எங்கட ஒழுங்கையில ஒரு நாச்சார் வீட்டை, அதுதான் நடுவில முற்றம் வைச்ச எங்கட பழைய வீட்டை, கழட்டினவை. காலமை லொறி வந்தது, பின்னேரம் பாத்தால் தூண் ஒரு பக்கம், கதவு நிலை ஒரு பக்கம், கூரைப் பனஞ்சிலாகை ஒரு பக்கம் எண்டு பிரிச்சு ஏத்திப்போட்டினம், தூணை ஒரு ஹோட்டலுக்கு அலங்காரத்துக்கு வாங்கினவையாம். விக்கிறவையில எனக்குக் கோபமில்லை, பிள்ளையள் வெளிநாட்டில, ஓடு ஒழுகுது, ஆர் பாக்கிறது? ஆனால் எந்தத் தூண் எங்க நிண்டது, எந்தக் கூரை வளை எந்தச் சுவரில இருந்தது எண்டு ஒருத்தரும் ஒரு துண்டுப் பேப்பரில கூட எழுதி வைக்கேல்லை, அதுதான் மனசைப் போட்டு வருத்துது.

போன வருசம் மகளிட்ட லண்டன் போன நேரம், வெஸ்ட் சசெக்ஸ் பக்கம் சிங்கிள்டன் எண்ட ஊரில பழைய வீடுகளைக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தி வைச்சிருக்கிற மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவ. அங்க பேலீஃப் எண்டு ஒரு கமக்கார வீடு. முழுக்க ஓக் மரச்சட்டம், சட்டத்துக்கு நடுவில தடி பின்னி மண் சாந்து பூசின சுவர், எங்கட பழைய மண்வீட்டுச் சுவர் மாதிரியே கிடந்தது. நடுக்கூடமும் அதின்ர ஒரு பக்கமும் 1405க்கும் 1430க்கும் இடையில கட்டினது, மற்றப் பக்கம் நூறு வருசத்துக்குக் கிட்டப் பிந்திச் சேத்தது. ரெண்டு தொங்கலிலயும் மேல்வீடு முன்னால தள்ளி நிக்குது, நடுவில கூடம் உள்வாங்கி இருக்கு, ஆனால் மூண்டுக்கும் ஒரே கூரைதான்.

உள்ள போனால் அந்தக் கூடத்துக்கு மேல்மாடி இல்லை, நிமிந்து பாத்தால் நேர கூரை முகடு. நிலத்தில நடுவில நெருப்பு, புகைபோக்கி எண்டு ஒண்டும் இல்லை, புகை எழும்பிக் கூரையால தன்ர பாட்டில போகுமாம். யன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை, மரக்கம்பியும் பலகைக் கதவும்தான். ஒரு பக்கம் சாப்பாட்டுச் சாமானுக்கும் குடிவகைக்கும் ரெண்டு சின்ன அறை, மற்றப் பக்கம் வீட்டுக்காரர் படுக்கிற அறை மேல. எனக்கு உடன எங்கட அம்மம்மா வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது. அவைக்குக் குளிர், அதால நெருப்பை நடுவில வைச்சு வீட்டைச் சுத்திக் கட்டியிருக்கினம், எங்களுக்கு வெக்கை, நாங்கள் நடுவைத் திறந்துவிட்டு மழையையும் காத்தையும் உள்ள எடுத்தம். பிறகு வந்த காலத்தில அவையள் அப்பிடியான கூடங்களுக்கு மேல்தட்டுப் போட்டுப் புகைபோக்கியும் வைச்சு மூடினவையாம், இஞ்சயும் இப்ப முற்றத்துக்கு மேல சீற் போடினம் தானே. ஆனால் கூரை மரத்தில படிஞ்ச புகைக்கரி மட்டும் போகேல்லையாம், மேல ஏறி அந்தக் கரியைப் பாத்துத்தான் இது ஒரு காலம் திறந்த கூடம் எண்டு இப்பவும் கண்டுபிடிக்கினமாம்.

நான் கனநேரம் நிண்டு பாத்தது மரப்பொருத்துகளைத்தான். ஆணி இல்லை, துளைக்குள்ள நாக்கைச் செருகி மரமுளை அடிச்சிருக்கு. ரெண்டு மரத்திலயும் முளை போற துளையை நேருக்கு நேர் போடாமல் ஒரு மயிரளவு விலத்திப் போடுவினமாம், முளையை அடிக்கேக்க அது மூட்டை இழுத்து இறுக்கும். பொருத்துக்குப் பக்கத்தில உளியால கீறின அடையாளமும் இருந்தது, ஒரு கோடு, ரெண்டு கோடு, பெருக்கல் குறி மாதிரி ஒண்டு. தச்சர் தன்ர பட்டறையில சட்டத்தை ஒருக்காப் பூட்டிப் பாத்து, நம்பர் போட்டு, கழட்டி, வண்டிலில கொண்டுவந்து திரும்பப் பூட்டினதின்ர அடையாளமாம்.

பேலீஃப் முதல் நிண்டது கென்ட் மாகாணத்தில சிடிங்ஸ்டோன் பக்கம். அங்க குடிதண்ணிக்கு ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்ட வெளிக்கிட்ட இடத்தில வீடு மாட்டுப்பட்டுப் போச்சு. தண்ணிக் கொம்பனியே வீட்டை மியூசியத்துக்குக் குடுத்து, 1968, 69இல கழட்டி, 1972 அளவில திரும்ப நிறுத்தினவை. நீர்த்தேக்கமும் வந்தது, வீடும் நிக்குது.

எங்கட வீடும் கழட்டிப் பூட்டக்கூடியதுதான். பனை வளை, சிலாகை, தூண், நிலை, எல்லாம் தனித்தனி மரம், வைரம் பாய்ஞ்ச பனையைக் கறையான் லேசில தொடாது. அதால நான் கேக்கிறது ரெண்டு விசயம். பழைய வீட்டை உடைச்சுப் புது வீடு கட்ட அனுமதி குடுக்கேக்க, முதல் அளந்து ஒரு படம் கீறி, ஃபோட்டோ எடுத்து, மரத்துக்கு நம்பர் போடச் சொல்லி பிரதேச சபையள் கேக்கலாம், கம்பஸ் பிள்ளையளைக் கூப்பிட்டால் ஒரு சனி ஞாயிறில முடியிற வேலை. மற்றது, தலைவாசல், திண்ணை, முற்றம், குசினி, கூரை போட்ட சங்கடப்படலை எல்லாத்தோடையும் ஒரேயொரு நாச்சார் வீட்டையாவது அரசாங்கக் காணி ஒண்டில முழுசா நிறுத்தி வையுங்கோ. தச்சுவேலை தெரிஞ்ச வயசாளியள் இப்பவும் இருக்கினம், அவையிட்டக் கேட்டுச் செய்யிறதெண்டால் இப்பவே தொடங்கவேணும்.

எங்கட ஒழுங்கையில இன்னும் ரெண்டு நிக்குது. ஒண்டின்ர சொந்தக்காரர் கனடாவில, திறப்பு எங்கட வீட்டிலதான். கேட்டனான், ஆரும் வந்து அளந்தால் தனக்குச் சந்தோசம் எண்டு சொன்னவர். ஏணியும் நான் தாறன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.