போர்டைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவளின் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை நியமனக் கடிதம் கைக்கு வந்தது. திங்கட்கிழமை முதல் நான் கணக்குப்பதிவியல் ஆசிரியை. ஐம்பதைத் தாண்டிய பிறகு இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பழைய வேலை எப்படிப் போனது, அதற்குப் பிறகு வீட்டில் எப்படிக் கிடந்தேன் என்பதெல்லாம் இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். மறுபடி கிளற மனசில்லை. நேரில் நன்றி சொல்ல வந்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு தம்பிக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பயிற்சி வகுப்பில் என்னோடு படித்தவர். என் மகன் வயதுதான், ஆனாலும் "அக்கா" என்றே கூப்பிடுவார்.

ஆசிரியப் பயிற்சியில் நுண்நிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு சின்னப் பாடம். எதிரே மாணவர்களாக உட்காருவது நம்மோடு படிக்கிறவர்களே. முடிந்ததும் குறைநிறை சொல்வார்கள், திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். புதியவர்கள் திணறக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுருக்கமே தாங்கவில்லை. காலமெல்லாம் பின்னறையில் பேரேடும் நானுமாக இருந்தவள். அலுவலகக் கூட்டம் என்றால் மூலை நாற்காலி. பதவி உயர்வு என்றால், "வேண்டாம் சார், இதே சீட்ல இருந்துக்கிறேன்."

அன்றைக்கு எனக்கு வந்த பாடம் பற்று, வரவு, அதாவது டெபிட், கிரெடிட். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. நடுவில் ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதினேன். அதற்கு மேல் திரும்ப முடியவில்லை. எழுதியதையே திரும்பத் திரும்பப் போர்டிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் உடைந்து விழுந்தது, குனிந்து எடுக்கவும் கூச்சம்.

"அக்கா, ஒரு சந்தேகம். முதலாளி வீட்டுச் செலவுக்குக் கல்லாவுல இருந்து காசு எடுக்கிறாரு. கடைச் செலவுன்னு எழுதிடலாம்ல?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எத்தனை மார்ச் மாதங்கள் இதே விஷயத்துக்காக மல்லுக்கட்டியிருக்கிறேன்! திரும்பிவிட்டேன். "அது எப்படிக் கடைச் செலவாகும்? முதலாளி வேற, கடை வேற. முதலாளி தனக்குன்னு எடுக்கிறதை எழுதுற எடுப்புகள் கணக்கில் பற்று வை, ரொக்கக் கணக்கில் வரவு வை" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அவர் விடவில்லை. "காசுக்குப் பதிலா சரக்கையே எடுத்துட்டுப் போனா?" "அப்பவும் எடுப்புகள்தான் பற்று. ஆனா ரொக்கத்துக்குப் பதிலாக் கொள்முதல் கணக்கு வரவாகும்." பக்கத்தில் இருந்த ஒருவர் ஏன் என்று கேட்டார். அவருக்கும் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது, இன்னும் ஒரு உதாரணம் பாக்கி இருந்தது.

பயிற்சி முடிகிற சமயத்தில்தான் தெரிந்தது, அந்தத் தம்பி வணிகவியல் பட்டதாரி, ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எடுப்புகளைப் பற்றி அவருக்கு என்ன சந்தேகம் இருந்திருக்கும்! கேட்டேன். "போர்டுகிட்டயே பேசிட்டிருந்தீங்கக்கா, எங்ககிட்டயும் பேசட்டுமேன்னுதான்" என்றார், அவ்வளவுதான். தைரியமாகப் பேசு, நிமிர்ந்து நில், கண்ணைப் பார் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் ஏராளம். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கூச்சக்காரிக்குப் புத்தி சொன்னால் இன்னும் கொஞ்சம் கூசுவாள். எனக்குத் தெரிந்த ஒன்றை யாராவது தப்பாகச் சொன்னால்தான் என் வாய் திறக்கும் என்பதை அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தாரோ.

எங்கள் பயிற்றுநருக்கும் கடன்பட்டிருக்கிறேன். உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி வகுப்பில் சொன்னார். மேடையில் பேசுகிறவர் தன் படபடப்பு எல்லாருக்கும் தெரிகிறது என்று நினைப்பார். கேட்கிறவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்களாம். நான் சுலபத்தில் நம்புகிற ஆளில்லை. அன்றைக்கு என் கை நடுங்கியதைப் பார்த்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தேன். சாக்பீஸ் விழுந்தது மட்டும்தான் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

போனில் மணி வைத்துக்கொண்டு ஒரே பாடத்தைச் சலிக்காமல் கேட்ட மகள், "இந்த வயசுல எதுக்கு" என்ற கேள்வியை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே சமாளித்து அனுப்பிய கணவர், கேட்காமலேயே சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்த பழைய சக ஊழியர், விண்ணப்பத்தில் பிழை திருத்தியவர், வரிசையில் எனக்கு முன்னால் நின்று "நானும் பயந்துபோய்தான் இருக்கேன்" என்று சிரித்த பெண்மணி, எல்லாருக்கும் சேர்த்து நன்றி.

உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ 1970களில் அமெரிக்காவில் நடத்திய கணக்கெடுப்பில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் தங்களைக் கூச்ச சுபாவிகள் என்று சொல்லிக்கொண்டார்களாம். அத்தனை பேர் இருந்தும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறோம். என் வகுப்பிலும் இருப்பார்கள். கடைசி வரிசையில் குனிந்திருக்கிற பிள்ளையை "எழுந்து சத்தமாச் சொல்லு" என்று நிற்க வைக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தது ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு, பக்கத்தில் போய்த் தப்பாகச் சொல்லிப் பார்ப்பேன்.

பயம் போய்விட்டதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. நேர்காணலிலும் உள்ளங்கை ஈரமாகத்தான் இருந்தது. அதோடுதான் பேசினேன், வேலை கொடுத்துவிட்டார்கள். முதல் பாடத்துக்கான குறிப்பு பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியை எழுதப் போகிறேன்.