வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தினமும் ஒரு பையன் பைக்கோடு எதிரே வந்து நிற்கிறான், வேண்டாம் என்று அவள் நேராகவே சொல்லியும் விடவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "இப்ப அப்படித்தான் ஆன்ட்டி சொல்லுவாங்க, அப்புறம் புரிஞ்சுக்குவாங்க" என்றான். முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படத்தில் ஹீரோ தெருத்தெருவாகத் துரத்துவான், இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுவாள். இங்கே என் பெண் அரை மணி நேரம் சுற்றி வேறு பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறாள். இப்படிப் பின்தொடர்வது 2013-லிருந்தே சட்டப்படி தனிக் குற்றம், முதல் முறைக்கே 3 ஆண்டுவரை சிறை. சிகரெட் காட்சிக்கு எச்சரிக்கை போடும் படக்காரர்கள் இந்தக் காட்சிகளுக்கும் போட வேண்டும்.

– ஒரு தாய், மதுரை