எட்சிங் என்று விற்கப்பட்ட அச்சுப்படம் தொடர்பான புகார்

ஹட்டன்.

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

விவிலியத்தில் வரும் போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கும் காட்சியைக் கொண்ட சமகால எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுக்கும் ஓவியப் பிரதி) ஒன்றைச் சென்ற மாதம் தங்களிடம் 48,000 ரூபாவுக்கு வாங்கினேன். செப்புத்தகட்டிலிருந்து கையால் எடுக்கப்பட்ட ஐம்பது பிரதிகளில் அது பன்னிரண்டாவது என்று தங்கள் விலைப்பட்டியல் கூறியது. வந்து சேர்ந்ததோ இயந்திரத்தில் அச்சிட்ட படம்.

இதனை நான் ஊகித்துச் சொல்லவில்லை. எட்சிங்கில், தகட்டின் மெழுகுப் பூச்சில் ஊசியால் கீறிய கோடுகளை அமிலம் அரித்துப் பள்ளமாக்க, அப்பள்ளங்களில் மையை நிரப்பி ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது, தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்து நிற்கும். மைக்கோடும் விரலுக்குத் தட்டுப்படும். தாங்கள் அனுப்பிய தாளில் இவ்விரண்டும் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ரூத்தின் முகம் சிறுசிறு புள்ளிகளாகப் பிரிகிறது. பென்சிலால் எழுதியதுபோல் தோன்றும் 12/50 என்ற இலக்கத்தின் ஓரத்தை அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தேன், சிறிதும் மங்கவில்லை. ஓவியரின் கையொப்பமும் அவ்வாறே அச்சிடப்பட்டது என்பதுதான் என்னை மிகவும் புண்படுத்தியது.

சட்டமிட்டு மாட்டினால் வித்தியாசம் தெரியாது என்று தங்கள் அலுவலர் தொலைபேசியில் கூறினார். ஓவியர் மார்க் சாகாலின் 105 விவிலிய எட்சிங்குகள் 1956இல் பாரிஸில் வெளியாயின; அவற்றுட் சிலவற்றை நூல்களில் அச்சுப்படங்களாகவே பார்த்திருக்கிறேன். அச்சுப்படம் போதுமென்றால் அத்தகைய நூலொன்றை வாங்கியிருப்பேன். இந்தப் படம் எங்கள் தேவாலய மண்டபத்துக்கென, கொழுந்து பறிக்கும் பெண்கள் மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கப்பட்டது. மாமியாரைப் பின்தொடர்ந்து மோவாபிலிருந்து வேற்றூர் வந்து, பிறர் வயலில் குனிந்து பிழைத்த ரூத்தை, இந்தியாவிலிருந்து வந்த தம் பாட்டிமாரின் சாயலில் அவர்கள் காண்கிறார்கள். அந்தக் குனிந்த முதுகை ஓவியர் ஆழ அரித்த ஒற்றைக் கோட்டால் தாங்கியிருப்பதாகப் பட்டியலில் வாசித்தே இதனைத் தெரிவுசெய்தோம். அச்சில் அந்த முதுகு வெறும் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிகிறது.

ஆகவே, படத்தைத் தங்கள் செலவில் மீளப் பெற்று, 48,000 ரூபாவையும் தபாற்செலவு 1,850 ரூபாவையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், விலைப்பட்டியலிலிருந்து ‘எட்சிங்’ என்ற சொல்லை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். பற்றுச்சீட்டின் பிரதியையும் படத்தின் நெருங்கிய ஒளிப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தேவாலய மண்டபப் பொறுப்பாளர்