ரெண்டு கார்புரேட்டரும் ஒரு மீன்தொட்டிக் குழாயும்

செல்வா,

நலமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் போன மாதம் தேசிய சேவைக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, அதனாலோ என்னவோ ரெண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலையில் கைவைத்துவிட்டேன்.

அந்தப் பழைய சுசுகி ஜிஎஸ்500 பைக்தான். சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறும். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தருகிற ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் திறக்காததுதான் காரணம், காதால் கேட்டே சரிசெய்வேன் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறதா? ஒன்றும் ஆகவில்லை. ஒரு கடையில் ரெண்டு கார்புரேட்டரையுமே மாற்றச் சொன்னார்கள். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வேண்டிய சிஓஇ உரிமத்தைப் புதுப்பித்தே கை காலியானவனிடம்!

மீன்தொட்டிக் கடையில் ஆறு மீட்டர் காற்றுக்குழாய் வாங்கி, பலகையில் யூ மாதிரி வளைத்துக் கட்டி, அடியில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றினேன். முனைகளை ரெண்டு கார்புரேட்டரின் வெக்யூம் (உறிஞ்சும்) துளைகளிலும் மாட்டினால், எது அதிகம் உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். பாதரசத்தில் 1 செ.மீ. வித்தியாசம் என்றால் எண்ணெயில் ஏறக்குறைய 15 செ.மீ., அவ்வளவு நுணுக்கம். ஆனால் அசந்தால் எண்ணெய் முழுக்க எஞ்சினுக்குள் போய்விடும், அதனால் குழாயின் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பழைய ஜெட்டை, அதாவது நுண்துளை உள்ள கார்புரேட்டர் திருகை, செருகி வேகத்தைக் குறைத்தேன். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் நாம் வாங்கிய அதே டப்பா ஜெட்டுதான். 2017-ல் சந்தையையே மூடிவிட்டார்கள், டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது.

சிலேத்தார் ஹில்ஸில் மச்சான் வீட்டு வாசலில் வைத்துச் செய்தேன். வால்வு இடைவெளி, பிளக் எல்லாம் முதல்நாளே பார்த்தாயிற்று. டாங்கியின் பின்பக்கத்தைக் கட்டை வைத்துத் தூக்கி, எஞ்சினுக்கு எதிரே மேசை விசிறியைப் போட்டு ஓடவிட்டேன். ரெண்டு நிமிடத்தில் பொக்கென்று நின்றுவிட்டது. மனசு பதறிப்போய்விட்டது, அப்புறம்தான் உறைத்தது: பெட்ரோல் குழாயைத் திறக்கிற வெக்யூமைத்தானே நான் பிடுங்கி மாட்டியிருக்கிறேன்! பெட்ரோல் குழாயை, வெக்யூம் இல்லாமலே பெட்ரோல் விடுகிற ‘ப்ரைம்’ பக்கம் திருப்பியதும் சரியாகிவிட்டது.

எண்ணெய் இடது பக்கம் ஒரு முழம் ஏறி நின்றது. அதாவது அந்தப் பக்கக் கார்புரேட்டரில் காற்றை விடுகிற தட்டு குறைவாகத் திறக்கிறது, அதனால்தான் அதிகம் உறிஞ்சுகிறது. இத்தனை நாள் என் காது வலதைத்தான் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தது! ரெண்டு கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ஸ்க்ரூவை நீளமான ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுகூட இல்லை, மயிரிழை திருப்பினேன், எண்ணெய் மெல்ல இறங்கிச் சமமாக நின்றது. 3,000 ஆர்பிஎம்மில் ஒருமுறை பார்த்தேன், அசையவில்லை.

இப்போது வண்டி நின்றபடி ஸ்லோவில் ஓடும்போதும் உதறலில்லை, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி நம்பர் தெரிகிறது. மச்சான் வாசலில் எண்ணெய்க்கறை, அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு வரும்போது உன் வண்டியையும் ஓட்டிக்கொண்டு வா, பலகையைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

ரவி