ரீமேப் செய்யப் போகிறேன் என்ற மகனுக்கு

அன்புள்ள மணிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ராகி களத்துக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு இப்போது அதுதான் உலகம்.

காரில் பிக்கப் போதவில்லை, இன்ஜின் கம்ப்யூட்டரில் அளவுகளை மாற்றி ரீமேப் செய்யப் போகிறேன் என்று நேற்று சொன்னாய். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

உன் டீசல் காரில் இருக்கும் டர்போ எனக்குப் புதிதல்ல. வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற வேலை அது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியும், இழுவை ஏறும். ரீமேப்காரர் காரின் கம்ப்யூட்டரில் அந்த இரண்டு அளவையும் ஏற்றி வைக்கிறார். உள்ளே இருக்கும் உலோகம் பழையதுதான். போன ஆடியில் அப்படி ஏற்றிய ஒரு வண்டியைப் பிரித்தேன். பிஸ்டன் தலையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அதன் விளிம்பு மெழுகுபோல் வழிந்து உறைந்திருந்தது. பட்டறை ஜன்னலில் வைத்திருக்கிறேன், வந்து பார்.

பிக்கப் என்றால் என்னவென்று எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் வாங்கிய மின்சார காரைத் தொப்பூர் கணவாய்க்கு ஓட்டிப் போனேன். இறக்கத்தில் லாரிகளின் பிரேக் கருகும் வாடை உனக்கும் பழக்கம்தானே? இதில் காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடிக்கிறது. பேட்டரியிலும் கொஞ்சம் ஏறுகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் மட்டும் அந்தப் பிடி குறையும். திரும்பி ஏறும்போது ஒரு டிரெய்லரைத் தாண்ட மிதித்தேன். டர்போ மூச்சு வாங்கும் அந்த ஒரு நொடி இல்லவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே மோட்டாருக்கு முழு இழுவை கிடைத்துவிடுகிறது. மின்சாரத்தில் 90 சதவீதம்போல ஓட்டமாக மாறுகிறதாம். நம் டீசல் இன்ஜினில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். அந்த வெப்பத்தில் போன கேஸ்கட்டும் ரேடியேட்டரும்தான் உன்னைப் படிக்க வைத்தன, அது வேறு கதை.

உன் கார் ஓடும் சத்தத்தோடு நீ அனுப்பிய வீடியோவை மூன்று முறை கேட்டேன். மிதிக்கும்போது சீட்டியடிப்பதுபோல் ஒரு சத்தம் வருகிறது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குழாயின் கிளிப் தளர்ந்து காற்று கசிகிறது என்று நினைக்கிறேன். பிக்கப் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். பொங்கலுக்கு வரும்வரை யாரிடமும் வண்டியை விடாதே. கிளிப் என்னிடம் இருக்கிறது.

அப்பா
தருமபுரி