தண்ணீர் உள்ளே போகாது, சரி. ஈரம் வெளியே வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். புதுக் கார், மைலேஜ், டயர், இன்ஷூரன்ஸ் என்று எல்லாமே வருகிறது. ஆனால் ஷெட் இல்லாமல் வாசலிலும் தெருவோரத்திலும் காரை நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம், அந்தக் காருக்கு எப்படிப்பட்ட கவர் வாங்குவது என்று ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. தெரியாமல் வாங்கி என் காரின் பெயின்டைக் கெடுத்துக்கொண்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கிய கவரின் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் ‘100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தது. தொட்டால் மழைக்கோட்டு மாதிரி வழவழவென்று இருக்கும். கடையில் ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டினார்கள், ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. இதைவிட என்ன வேண்டும் என்று வாங்கி வந்துவிட்டேன். மழை நாளில் ஒருமுறை அவசரமாக வெளியூர் போக வேண்டியிருந்தது. காரைக் கழுவி, சரியாகக் காயாததைக் கவனிக்காமல் மூடிவிட்டுப் போனவன் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினேன். கவரை உருவினால் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். பானட்டில் கவர் ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் வெளிறிய திட்டுகள், ஓரத்தில் கடுகு அளவில் கொப்புளங்கள். துடைத்தேன், பாலிஷ் போட்டேன், திட்டு கொஞ்சம் மங்கியது, கொப்புளம் அப்படியே இருக்கிறது. பெயின்ட் வேலை செய்பவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஈரம் உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கு சார்” என்றார்.

மழைத் தண்ணீர் உள்ளே போகவே இல்லையே, பின்னே ஈரம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. காரைச் சரியாகத் துடைக்காதது என் தப்பு, அது ஒரு பங்கு. மீதி தரையிலிருந்து ஏறும் ஈரமும் காற்றில் இருக்கும் ஈரமும்தான். ராத்திரியில் காரின் மேல்கூரை சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். பகலில் வெயில் ஏறினால் அந்த ஈரம் ஆவியாகிறது. துணி வழியாக அது வெளியேறிவிட்டால் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் மாதிரி அடைப்பான கவராக இருந்தால் எங்கே போகும்? திரும்பவும் கார்மேலேயே படிகிறது. இப்படியே நாள்கணக்கில் பெயின்ட் வெந்நீர் ஒத்தடத்தில் கிடக்கிறது. தண்ணீரே புகாத கவரை வாங்கி, அந்தத் தண்ணீரை நானே உள்ளே பூட்டி வைத்திருக்கிறேன்.

அதனால் கவர் வாங்கும்போது தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், இன்னொரு சோதனையும் இருக்கிறது. டம்ளரில் ஆவி பறக்கும் வெந்நீரை எடுத்து, அதன் வாயில் கவர்த் துணியின் ஒரு மூலையை இழுத்துப் பிடித்து மூடுங்கள். மேலே இரண்டு விரல் உயரத்தில் ஒரு கண்ணாடியைப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மங்கினால் துணி மூச்சு விடுகிறது என்று அர்த்தம். என் பழைய கவரை இப்படிச் செய்து பார்த்தபோது கண்ணாடியில் ஒரு புகைகூடப் படியவில்லை, துணியின் அடிப்பக்கம்தான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெந்நீருக்கு வழியில்லாத கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், அந்தப் பக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று லேசாகத் தெரிந்தால்கூட நல்லதுதான். காற்று தெரியாத துணியிலும் சில ரகம் ஆவியை விடும், அதனால் வெந்நீர்ச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், மூச்சு விடும் துணி மழையை முழுக்கத் தடுக்குமா என்று கேட்பார்கள். விடாமல் பெய்தால் கொஞ்சம் கசியும், முக்கியமாகத் தையல் வழியாக. கசிந்தால் என்ன? கார் மழையில் நனைந்தால் கெட்டுவிடுகிற பொருள் இல்லையே. நனைந்து காய்ந்தால் ஒன்றும் ஆகாது, நனைந்து காயாமல் கிடந்தால்தான் கெடுதல். வெளியில் நிற்கும் காருக்கு உண்மையான எதிரி வெயில்தான். பெயின்டுக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் சுமார் 50 மைக்ரான் பருமன்தான், அநேகமாக ஒரு தலைமுடியின் பருமன்கூட வராது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத்தான் வருடக்கணக்கில் அரிக்கிறது. பழைய கார்களைக் கவனித்துப் பாருங்கள், முதலில் வெளுத்து உரிவது மேல்கூரையும் பானட்டும்தான், கதவின் கீழ்ப்பகுதி நன்றாகவே இருக்கும். ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மஞ்சளாவதும், கண்ணாடி ஓரத்து ரப்பர் வெடிப்பதும் பெரும்பாலும் இதே வெயிலால்தான்.

துணி ரகங்களைப் பொறுத்தவரை நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பை தைக்கிற துணி மாதிரி, நெய்யாமல் அழுத்தி ஒட்டிய பாலிப்ரொப்பிலீன் ஒரு வகை. அதையே மூன்று நான்கு அடுக்காக, நடுவில் மெல்லிய இழை அடுக்கு வைத்துச் செய்தால் தண்ணீர்த் துளியைத் தடுத்து ஆவியை விடும், ஈரம் மிகுந்த இடத்துக்கு நன்றாக ஒத்துவரும். ஆனால் வெயில் தாங்கும் மருந்து சேர்க்காத பாலிப்ரொப்பிலீன் கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி நொறுங்கத் தொடங்கிவிடும். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் வெயிலுக்கு அதைவிடத் தாங்கும். அக்ரிலிக் இன்னும் நன்றாக உழைக்கும், நூலாக்கும் முன்பே சாயம் கலந்த ரகமாக இருந்தால் நிறமும் சீக்கிரம் போகாது, விலைதான் கூடுதல். பாக்கெட்டில் டெனியர் என்று ஒரு எண் இருக்கும். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவுதான், துணி மூச்சு விடுமா என்பதை அந்த எண் சொல்லாது. வெள்ளிப் பூச்சு பூசிய கவராக இருந்தால் விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் மினுமினுப்பு ஒட்டினால் அந்தப் பூச்சு ஒரு கோடையைக்கூடத் தாண்டாது.

இதைவிட அதிகம் ஏமாறுகிற இடம் அளவுதான். ‘செடான் சைஸ்’, ‘எஸ்யூவி சைஸ்’ என்று பொதுவாகப் போட்டு விற்பதை வாங்காதீர்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே தைத்ததாக, சைடு மிர்ரருக்கும் ஆன்டெனாவுக்கும் தனிப் பை வைத்ததாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் தூசியோடு சேர்ந்து பெயின்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். என் காரில் பின்பக்க பம்பர் மூலையில் பிறை வடிவத்தில் ஒரு தேய்மானம் இருக்கிறது, சரியாகக் கவரின் மடிப்பு அடித்துக்கொண்டிருந்த இடம். ஓரத்து எலாஸ்டிக் மட்டும் போதாது, காரின் வயிற்றுக்கு அடியில் குறுக்கே போகும் பக்கிள் வைத்த பட்டை கட்டாயம் வேண்டும், அந்தப் பக்கிளும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பென்றால் கதவில் கோடு போட்டுவிடும். உள்பக்கம் பெயின்டைத் தொடும் லைனிங் மெத்தென்று இருக்கிறதா என்பதைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தால் தெரியும்.

தூசி படிந்த காரை மூடுவதைவிட மூடாமல் விடுவதே நல்லது என்பேன். தினமும் கார் எடுப்பவரால் தினமும் துடைத்துவிட்டு மூட முடியுமா, முடியாது. அவர்கள் கனமான கவரை வாங்கினால் பத்து நாள் போடுவார்கள், அப்புறம் அது டிக்கியில் கிடக்கும். மேல்கூரையையும் கண்ணாடிகளையும் மட்டும் மூடும் அரைக் கவர் அவர்களுக்குப் போதும், ஒரு ஆளாகவே போட்டு எடுத்துவிடலாம். நான் அந்த வகைக்குத்தான் மாறியிருக்கிறேன், நீண்ட நாள் நிறுத்தும்போது மட்டும் முழுக் கவர். பறவை எச்சம் விழுந்தால் உடனே தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் கிளியர் கோட்டில் தடம் பதிந்துவிடும். வண்டியை நிறுத்தியவுடன் மூடவும் கூடாது, சைலன்சர் சூட்டில் துணி உருகி ஒட்டும். எடுக்கும்போது இரண்டு பக்கத்தையும் மேல்கூரைக்கு மடித்துவிட்டு, பின்னாலிருந்து முன்னால் சுருட்டிக்கொண்டே வந்தால் கவரின் வெளிப்புற அழுக்கு பெயின்டைத் தொடாது. நாள்கணக்கில் மூடிக் கிடக்கும் காருக்குள் எலி குடிவரும் என்பதையும் சொல்ல வேண்டும், வாரம் ஒருமுறையாவது கவரை விலக்கி பானட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள்.

கவர் தயாரிப்பவர்களிடம் என் கோரிக்கை இது. என்ன இழை, எத்தனை அடுக்கு, லைனிங் எது, துணி ஆவியை விடுமா விடாதா, இதைப் பாக்கெட்டின் மேல் அந்த ‘100 சதவீதம்’ எழுத்து அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். ஆவி விடாத கவரென்றால், ஈரமான காரில் போடக் கூடாது என்று சிவப்பில் எழுதுங்கள். அப்படி ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் நான் காரைத் துடைத்துவிட்டு மூடியிருப்பேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாகனப் பக்கத்தில் நாலைந்து ரகக் கவர்களை வாங்கி, ஒரே இடத்தில் ஒரே வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் போட்டு வைத்து, துணி என்ன ஆனது, அடியில் பெயின்ட் என்ன ஆனது என்று படத்தோடு வெளியிடுங்கள். என் பழைய கவரை நான் தூக்கிப் போடவில்லை. பானட்டில் ஒட்டிக் கிடந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்