பத்து வரி வேண்டாம், ஒரு வரி போதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் முதல் வகுப்பு நோட்டுகளை உட்கார்ந்து புரட்டினேன். ஒரு நோட்டில் 'அ' பத்து வரி. முதல் வரியில் அழகான அ. நான்காவது வரியில் சுழி தளர்ந்துவிட்டது. பத்தாவது வரியைக் காட்டி, "என்ன எழுத்துடா கண்ணா இது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹோம்வொர்க்" என்றான்.

இது சோம்பல் இல்லை. ஆசிரியர் எழுதித் தந்த மாதிரியைப் பார்த்துப் பிள்ளை எழுதுவது முதல் வரியை மட்டும்தான். அப்புறம், தான் கடைசியாக எழுதியதைப் பார்த்தே அடுத்ததை எழுதுகிறது. பிழையைப் பார்த்துப் பிழை வளர்கிறது. சில கெட்டிக்காரர்கள் பக்கம் முழுக்க முதலில் சுழியாகப் போட்டுக்கொண்டு, பிறகு வரிசையாகக் கோடு இழுத்து முடித்துவிடுகிறார்கள். பக்கம் நிறைந்துவிடும், ஓர் அ-வைக்கூட முழுதாக எழுதியிருக்க மாட்டார்கள்.

அதனால் வீட்டில் ஒரு வரி போதும். அதில் மூன்று நான்கு எழுத்து. எழுதி முடித்ததும், "இதில் எது உனக்கு நல்லா வந்திருக்கு?" என்று கேட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியான எழுத்தைத்தான் வட்டமிடுவார்கள். அடுத்த நாள் அதுதான் மாதிரி.

எழுதும் முன் எழுத்து கண்ணுக்குப் பழக வேண்டும். "எங்க பாப்பா அ-விலிருந்து ஃ வரை கடகடன்னு சொல்லுவா டீச்சர்" என்கிறீர்கள். சந்தோஷம், ஆனால் அது பாட்டு. சுவர் அட்டையில் எ-வைத் தொட்டுக் கேட்டால் பல பிள்ளைகள் அ-விலிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் அதைப் பிடிக்கிறார்கள். அதையே ஒரு தனித் தாளில் எழுதிக் காட்டினால் விழிக்கிறார்கள். ஊ-வைப் பார்த்து "உ, ள" என்று வாசிக்கும் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள். நாம் கவனிக்காமல் விட்டதை அது கவனித்திருக்கிறது.

எந்த எழுத்தில் ஆரம்பிப்பது? அடையாளம் காண, பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து. எழுத, ட. சுழி, வளைவு, கோடு எல்லாம் அ என்ற ஒரே எழுத்தில் வந்துவிடுவதால் பிஞ்சுக் கைக்கு அது கடினம். ட-வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அதையே மேலே ஏற்றினால் ப. ஏறிய கோடு உள்பக்கம் வளைந்தால் ம. இந்த மூன்றோடு ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். தன்னால் ஒரு சொல்லை வாசிக்க முடிகிறது என்று தெரிந்த பிள்ளையை அப்புறம் நாம் தள்ள வேண்டியதில்லை.

247 எழுத்து என்ற பயம் பிள்ளைகளுக்கு இல்லை, உங்களுக்குத்தான். அதில் 216 உயிர்மெய். துணைக்கால் ஒன்று புரிந்தால் கா, சா, டா என்று 18 எழுத்து சேர்ந்தே வந்துவிடும். கு, சு, து, நு மட்டும் ஆளுக்கொரு பக்கம் வளைவதால் அங்கே நிதானம் வேண்டும். 'கெ' எழுதச் சொன்னால் க-வை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் வைப்பார்கள். காதில் க் முதலில் விழுகிறது, தாளில் கொம்பு முன்னால் நிற்கிறது, பாவம் என்ன செய்யும்? அப்புறம், தாத்தா பாட்டி சொல்லித்தரும் வீடுகளுக்கு ஒன்று: 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்களைக் கதையாகக் காட்டலாம், நோட்டில் வேண்டாம்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக இறுகப் பல வருடம் ஆகும். ஐந்து வயதுக் கை சீக்கிரம் வலிக்கும். நீளப் பென்சிலைவிடத் துண்டுப் பென்சில் நல்லது. அதை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனிக்குத் தானாக வந்துவிடும். களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, ஈர விரலால் தரையில் எழுதுவது எல்லாமே எழுத்துப் பயிற்சிதான். இடக்கைப் பிள்ளையை இடக்கையாலேயே எழுத விடுங்கள். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது இந்த வயதில் சகஜம்.

வரும் திங்கள் முதல் முதல் வகுப்புக்கு ஒரு வரிதான் வீட்டுப்பாடம். பிள்ளையின் கையைப் பிடித்து நீங்கள் எழுதிக் கொடுத்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும், கோடு அவ்வளவு நேராக இருக்கும்! வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அரை மணி நேரம் வகுப்பறையில் இருப்பேன். நோட்டோடு வாருங்கள், கோணல் எழுத்து எதையும் அழிக்காமல்.

அன்புடன்,
தலைமையாசிரியர்